வண்டுக்கு ஒரு டாக்டர் பட்டமா?

"குளத்துச் செடியைத் தின்கிற வண்டைப் பற்றி நாலு வருஷம் ஆராய்ச்சியாம், அதற்கு ஒரு டாக்டர் பட்டமாம், அதற்கு நம் வரிப்பணத்தில் உதவித்தொகை வேறாம்!"

இப்படி ஒரு கேலி நம்மிடையே வெகுநாளாகச் செலாவணியில் இருந்து வருகிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. பத்திரிகைத் துணுக்கில் வந்தால் பக்கத்திலிருப்பவருக்கும் படித்துக் காட்டுகிறோம். கைபேசியில் வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கிறோம். இதற்குச் சிரிக்கப் பெரிய யோசனை எதுவும் வேண்டியதில்லை. வண்டு சின்னது, டாக்டர் பட்டம் பெரியது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தினால் சிரிப்பு தானாக வந்துவிடுகிறது.

நான் விஞ்ஞானி அல்ல. காலேஜில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். எந்தப் பட்டத்தின் மீதும் எனக்குப் பக்தியும் கிடையாது, பொறாமையும் கிடையாது. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால், கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழிலறிவு உண்டு. ஓர் ஆளுக்குப் பொருந்தாத பெயரை வைத்துவிட்டால் அவன் கதைக்குள் நடமாட மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். இந்தக் கேலிக்காரர்களுக்கு நான் சொல்ல வந்ததும் ஒரு பெயரைப் பற்றிய விஷயம்தான். ஒரு செடியின் பெயர் தப்பாகிப் போனதால் உலகத்தின் பல நாடுகள் ஏறக்குறைய இருபது வருஷம் வீண் வேலை செய்தன. அந்தத் தப்பைக் கண்டு திருத்தியவர்கள், நாம் கைகொட்டிச் சிரிக்கிற இதே ரக ஆராய்ச்சிக்காரர்கள்தாம்.

அதைச் சொல்வதற்கு முன்னால், ஆராய்ச்சி வேண்டாம் என்கிறவர்கள் அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

மழைக்காலம் நெருங்கும்போது நம் ஊர்களில் ஒரு வைபவம் நடக்கும். ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். பார்க்க அழகான ஊதாப் பூ. அமேசான் காட்டுப் பக்கத்து நீர்நிலைகளில் பிறந்து, பூவின் அழகுக்காகவே தேசம் தேசமாகக் கொண்டுபோகப்பட்ட செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. இதை அள்ளுவதற்கு மிதக்கும் பொக்லைன் வரும். பெரிய மனிதர் ஒருவர் வந்து கொடியசைப்பார். போட்டோ எடுப்பார்கள். கான்ட்ராக்டர் அள்ளிக் கரையிலே கொட்டுவார். பில் பாஸாகும். அடுத்த வருஷம் அதே ஏரி, அதே செடி, அதே பொக்லைன். கொடியசைக்கிறவர் மட்டும் ஒருவேளை மாறியிருப்பார்.

இந்தக் காரியத்தில் இருக்கிற கணக்கை யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஆகாயத்தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். நூறு லாரி செடியை ஏற்றிப்போகிறோம் என்றால், தொண்ணூறு லாரிக்கு மேல் ஏரித் தண்ணீரைத்தான் டீசல் செலவழித்து ஏற்றிப்போகிறோம். சேற்றிலே விழுந்து கிடக்கும் விதைக்குப் பதினைந்து, இருபது வருஷம் உயிர் இருக்கிறது. விதையே வேண்டாம், எந்திரத்தின் பல்லில் சிக்கி அறுந்த ஒரு துண்டு போதும், இரண்டு வாரத்தில் அது இரண்டு மடங்காகிவிடும். இப்படிப்பட்ட செடியை வருஷத்துக்கு ஒருமுறை அள்ளுவது, அதை ஒழிப்பதற்குப் பதில் அதற்குக் கிளை கழித்து விடுவது போல ஆகிறது.

அள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வருகிற நேரத்தில் மதகை அடைத்துக்கொண்டிருப்பதை அள்ளித்தான் ஆகவேண்டும். ஆனால், இதையே ஒரே வைத்தியமாக வைத்துக்கொண்டு, இந்த வருஷாந்தர உற்சவத்துக்கு ஒருநாளும் சிரிக்காத நாம், அந்தச் செடியின் பகைவன் யார் என்று தேடிப்போகிற ஒரு மாணவனைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்கிறோம்? அவனுடைய நாலு வருஷ உதவித்தொகையைவிட இந்த ஏரியின் ஒரு சீசன் லாரி வாடகை அதிகமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி, அந்தப் பெயர் விவகாரத்துக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பஸி நதிக்குக் குறுக்கே கரிபா என்ற இடத்தில் ஒரு பெரிய அணை கட்டினார்கள். 1958 டிசம்பரில் அதில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. மறு வருஷமே தண்ணீர்மேல் ஒரு சின்னச் செடி மிதப்பதைக் கண்டார்கள். பூ இல்லை, காய் இல்லை. பெரணி வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு நீர்ச்செடி. கட்டைவிரல் அகல இலைகள். 1962-ல் அது ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிவிட்டது. வெயில் உள்ளே போகாது, காற்று தண்ணீரில் கலக்காது, மீன் பிழைக்காது, தோணி நகராது.

தாவர நூல்களைப் புரட்டிப் பார்த்து அதற்கு சல்வீனியா ஆரிகுலேட்டா என்று பெயர் சொன்னார்கள். தென்னமெரிக்காவின் வட பகுதியில் வளர்கிற, முன்பே தெரிந்த ஒரு செடியின் பெயர் அது. பார்க்க அப்படியேதான் இருந்தது. பெயர் கிடைத்ததும் காரியம் சுலபம் என்று தோன்றியது. அந்தச் செடி பிறந்த ஊரில் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கிற பூச்சி ஏதாவது இருக்கும். அதைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டால் போயிற்று. நியாயமான யோசனைதான். 1961-ல் தேடத் தொடங்கினார்கள். ட்ரினிடாட் தீவிலும் அதை அடுத்த பிரதேசங்களிலும் ஒரு வெட்டுக்கிளியும், ஓர் அந்துப்பூச்சியும், ஒரு கூன்வண்டும் கிடைத்தன. வந்த ஊர்களில் அவற்றை விட்டுப் பார்த்தார்கள். போட்ஸ்வானாவின் சோபே நதியில் வண்டை விட்டார்கள், செடி அசையவில்லை. இலங்கையில் வெட்டுக்கிளியை விட்டார்கள், பலன் இல்லை. பூச்சியால் ஒன்றும் ஆகாது என்று கைகழுவத் தயாராக இருந்தவர்கள் பலர். "நான் அப்போதே சொன்னேனே" என்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டல்லவா?

அந்தச் சமயத்தில் டேவிட் மிட்செல் என்று ஒரு தாவர ஆராய்ச்சிக்காரர் கரிபாச் செடியையே வருஷக்கணக்காகக் கவனித்துக்கொண்டிருந்தார். 1970-ல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் டாக்டர் பட்டத்துக்காகக் கொடுத்த ஆய்வேடு இந்தச் செடியின் வாழ்க்கையைப் பற்றியதுதான். அதன் தலைப்பில் இன்னும் பழைய பெயரே இருந்தது. ஆனால் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இலைக்கு அடியில், வேர் மாதிரித் தொங்குகிற பாகத்தில், சின்னச் சின்ன வித்துப் பைகள் உண்டு. அவை அடுக்கியிருக்கிற விதம் ஆரிகுலேட்டாவில் ஒரு மாதிரி. இதில் வேறு மாதிரி. 1972-ல் இது தனி இனம் என்று காட்டி, சல்வீனியா மொலஸ்டா என்று புதுப் பெயர் சூட்டினார். மொலஸ்டா என்றால் லத்தீனில் தொந்தரவு பிடித்தது என்று அர்த்தம்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஆயிரம் சதுர கிலோமீட்டர் ஏரி மூடிக் கிடக்கிறது. மீன்பிடிக்கிறவனுக்குச் சோறு இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து, வித்துப் பை இப்படித் தொங்குகிறதா அப்படித் தொங்குகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் துணுக்கு எழுத்தாளருக்கு இதைவிடத் தோதான விஷயம் கிடைக்குமா? பிழைக்கத் தெரியாத பண்டிதன், ஊர் பற்றி எரிகையில் சமித்து எண்ணுகிறவன் என்று எழுதித் தள்ளியிருப்பார். ஆனால், வழி பிறந்தது அந்த எண்ணிக்கையிலிருந்துதான். இது வேறு செடி என்றால், இது பிறந்த ஊரும் வேறு. இதன் பகைவனும் வேறு. அவ்வளவு காலமும் பக்கத்து வீட்டுக்காரனின் விரோதியைக் கூட்டிவந்து, "இவனை அடி" என்று ஏவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

பெயர் மாறியபின் தேடலும் மாறியது. 1978-ல் ஆஸ்திரேலிய சர்க்காரின் விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோ, கென் ஹார்லி என்ற இருவர், பிரேசிலின் தென்கிழக்கில் மொலஸ்டாவின் பிறந்தகத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அந்தச் செடி சாதுவாக, மற்றச் செடிகளோடு ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தது. அதைத் தின்றுகொண்டு ஒரு கூன்வண்டு இருந்தது. எள்ளைவிடச் சிறிய கறுத்த வண்டு. தாய்வண்டு குருத்தைத் தின்னும். புழு தண்டைக் குடைந்துகொண்டு போகும்.

1980-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரத்துக்கு அருகிலுள்ள மூண்டாரா ஏரியில் அந்த வண்டை விட்டார்கள். விட்டது சில ஆயிரத்துக்குள் அடங்கும் எண்ணிக்கை. அடுத்த ஆண்டுக்குள் ஏரியிலிருந்த செடி, 18,000 டன், அழுகி அமிழ்ந்தது. பொக்லைன் வரவில்லை, லாரி வரவில்லை, கொடியசைக்கவும் யாரும் வரவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. கதைக்காரன் கற்பனை செய்தால் நம்பமாட்டீர்கள். ஏரியைச் சுத்தம் செய்த வண்டுக்கும் பெயர் தப்பு! முன்பு ட்ரினிடாடில் பிடித்து, போட்ஸ்வானாவில் விட்டு, தோற்றுப் போன அதே வண்டினம்தான் இது என்றே நினைத்து விட்டிருந்தார்கள். தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, 1985-ல்தான் இது இதுவரை யாரும் பெயரிடாத புது இனம் என்று எழுதி, சிர்ட்டோபேகஸ் சல்வீனியே என்று பெயர் கொடுத்தார்கள். செடியிலும் தப்பு, வண்டிலும் தப்பு. இரண்டையும் திருத்தியது பூதக்கண்ணாடி. "பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது காதலர்களுக்குப் பொருந்தலாம், ஏரிக்குப் பொருந்தாது.

பாப்புவா நியூகினியில் சேப்பிக் என்றொரு மாநதி. அதன் கரை ஜனங்களுக்கு மீனும் சவ்வரிசி மாவும் ஜீவனம், தோணிதான் பாதை. 1970-களின் தொடக்கத்தில் சில செடிகள் அந்த நதியோரத்து ஏரிகளில் வந்து விழுந்தன. சில வருஷங்களில் 250 சதுர கிலோமீட்டர் மூடிவிட்டது. தோணி போகவில்லை, சந்தைக்குப் போக முடியவில்லை, நோயாளியைத் தூக்கிப்போக வழியில்லை. சில கிராமங்களை ஜனங்கள் காலி செய்துவிட்டே போய்விட்டார்கள். 1982-ல் அங்கே இந்த வண்டைக் கொண்டுபோய் விட்டார்கள். வண்டு பெருகவில்லை!

மூண்டாராவில் பலித்தது சேப்பிக்கில் பலிக்கவில்லை என்றதும் ஆட்கள் மூட்டை கட்டியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் கட்டவில்லை. செடியை எடுத்துச் சோதித்தார்கள். அந்த நீரில் சத்துக் குறைவு. ஆகவே செடியில் நைட்ரஜன் குறைவு. ஆகவே அதைத் தின்கிற வண்டுக்கு முட்டையிடத் தெம்பு இல்லை. சரி, என்ன செய்தார்கள்? ஒழிக்க வேண்டிய செடிக்கே கொஞ்சம் யூரியா போட்டார்கள்! பகைவனுக்குச் சோறு போடுவதா என்று ஊரார் திகைத்திருப்பார்கள். செடி செழித்தது, செழித்த செடியைத் தின்று வண்டு பெருகியது, வண்டு கடித்த செடியில் புதுக்குருத்து வந்தபோது அதில் சத்து தானாகவே கூடியிருந்தது, அதன்பிறகு யூரியாவும் தேவைப்படவில்லை. வண்டு ஏறிய செடிகளைச் சாக்கில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் ஏறக்குறைய இருபது லட்சம் டன் செடி அழிந்தது. ஊரை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

வண்டின் பசியைப் பற்றி யாரோ ஒருவர் மாசக்கணக்கில் குறிப்பு எழுதியிருக்காவிட்டால் அந்த யூரியா யோசனை யாருக்குத் தோன்றியிருக்கும்? இந்த வேலைக்காக அந்த ஆஸ்திரேலியக் குழுவுக்கு யுனெஸ்கோ 1985-ல் விஞ்ஞானப் பரிசு கொடுத்தது. அதே காரியத்தைத்தான் நாம் "வண்டுக்கு டாக்டர் பட்டமா?" என்கிறோம்.

ஆஸ்திரேலியா, நியூகினி என்று தூரதேசக் கதையாகச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் கேரளத்துக்கு வாருங்கள். அங்கே இந்தச் செடிக்கு ஆப்பிரிக்கன் பாயல் என்று பெயர். ஆப்பிரிக்காவில் அது பிறக்கவில்லை. அங்கே கெட்ட பெயர் எடுத்தது, அவ்வளவுதான். குட்டநாட்டு வாய்க்கால்களையும் நெல்வயல்களையும் அது மூடிக் கிடந்தது. நாற்று நடுவதற்கு முன்னால் அதை வாரி எறிவதற்கே கூலி கொடுத்து மாளவில்லை. 1983 வாக்கில் கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தார் இதே வண்டை விட்டார்கள். சில வருஷங்களில் வாய்க்கால் திறந்துகொண்டது. இலங்கையிலும் 1986-ல் விட்டார்கள், பலன் கிடைத்தது. அங்கே போட்ட முதலுக்குக் கிடைத்த லாபம் எவ்வளவு என்று பின்னால் ஒரு பொருளாதார நிபுணர் கணக்குப் போட்டார். ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் என்று வந்தது. நம் வட்டிக்கடைக்காரர்கள்கூட இப்படி ஒரு வருமானத்தைக் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

இனி எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அதில் கேலியை விட்டுவிட்டு நேர்மையாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"செடி தீர்ந்தபின் அந்த வண்டு நம் நெல்லைத் தின்னாதா? ஒன்றை ஒழிக்க இன்னொன்றைக் கொண்டுவந்து அதற்கு அடிமையாவதா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இப்படி நடந்ததும் உண்டு. கரும்பைத் தின்கிற வண்டை ஒழிக்கிறோம் என்று 1935-ல் குவீன்ஸ்லாந்தில் ஒரு தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கரும்பு வண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றது. தன் உடம்பு விஷத்தால் அதைத் தின்ன வந்த பிராணிகளையும் கொன்றது. இன்றைக்கும் அந்தத் தேரையோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கைக்கு இந்த சல்வீனியாவையே 1939-ல் கொண்டுவந்தது கொழும்பில் ஒரு கல்லூரியின் தாவரவியல் பகுதிதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. படித்தவர்கள் செய்த வினை உலகில் கொஞ்சமல்ல.

ஆனால் இந்த உதாரணங்கள் எதற்குச் சாட்சி? ஆராய்ச்சி கூடாது என்பதற்கா, ஆராயாமல் விடக் கூடாது என்பதற்கா? தேரையை விடுவதற்கு முன்னால், அது என்ன தின்னும், எங்கே வாழும் என்று நாலு வருஷம் உட்கார்ந்து பார்த்த மாணவன் ஒருவன் இருந்திருந்தால் அந்த வினை வந்திருக்காது. இன்று ஒரு நீர்ச்செடிக்குப் பூச்சி தேடுகிறவர்கள் பெரும்பாலான காலத்தைச் செலவழிப்பது பூச்சியைப் பிடிப்பதில் அல்ல, அதைச் சந்தேகிப்பதில். அடைத்த கூண்டில் வைத்து, முதலில் அந்தச் செடியின் நெருங்கிய உறவுச் செடிகளை அதன் முன்னே வைப்பார்கள். பிறகு தூரத்து உறவு. பிறகு நாம் பயிர் செய்கிறவை. அதற்குரிய செடியைத் தவிர மற்றதைத் தொடாமல் பட்டினி கிடந்து சாகிற பூச்சிதான் தேறும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். "நாலு வருஷம் என்ன செய்கிறான்?" என்று கேட்டீர்களே, இதைத்தான் செய்கிறான். உங்கள் நெல்லுக்குக் காவல் இருக்கிறான்.

நம் மண்ணிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. தரைச்செடிதான் என்றாலும் சொல்லத் தகுந்தது. 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சிவப்புச் சாயம் எடுப்பதற்கென்று பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைத் தருவித்தார்கள். உயர்ந்த சாயம் தருகிற பூச்சி என்று நினைத்துக்கொண்டு வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுபடியும் பெயர்த் தப்பு! சாயம் உருப்படவில்லை, பூச்சி அங்கிருந்த ஒரு ரகக் கள்ளியைத் தின்று தீர்த்தது. பின்னால் சென்னை ராஜதானியில் வயலும் மேய்ச்சலும் தெரியாமல் சப்பாத்திக்கள்ளி மண்டியபோது, அதற்குரிய சரியான பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் ஏராளமான நிலம் கள்ளியிலிருந்து விடுபட்டது. நம் பாட்டன்மார் கள்ளியை வெட்டிக் கைசலித்தபின் பூச்சியால் பிழைத்தார்கள். பேரன்மாராகிய நாம் பூச்சி என்றதும் சிரிக்கிறோம்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. பூச்சியை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற கட்சி. இவர்களும் அபாயமானவர்களே. தென்னாப்பிரிக்காவில் ஹார்ட்பீஸ்பூர்ட் என்ற அணையில் வெகுகாலம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் செடிச்சாறு உறிஞ்சும் ஒரு தத்துப்பூச்சியை லட்சக்கணக்கில் வளர்த்து விட்டார்கள். செடி வெகுவாகக் குறைந்தது. அந்த இடத்தைப் பிறகு சல்வீனியாவில் இன்னொரு வகை பிடித்துக்கொண்டு தொல்லை தந்தது. ஏன்? நகரத்துச் சாக்கடை அணைக்குள் வந்துகொண்டேயிருக்கிறது. சாக்கடை என்பது நீர்ச்செடிக்கு எரு. எருவை நாள்தோறும் கொட்டிக்கொண்டு, முளைத்ததைத் தின்ன வண்டைத் தேடுவது முழு வைத்தியம் ஆகாது. இதைச் சொன்னவர்கள் யார்? அந்த ஆராய்ச்சிக்காரர்களேதான். தங்கள் பூச்சி எதைச் செய்யாது என்பதையும் எழுதி வைக்கிற நாணயம் அவர்களிடம் இருக்கிறது. டெண்டர் எடுக்கிற எந்த கான்ட்ராக்டராவது, "நான் அள்ளினாலும் இது திரும்ப வரும்" என்று பில்லின் கீழே எழுதிக் கொடுத்ததுண்டா?

கடைசியாக ஒன்று. நம் நாட்டில் தரப்படுகிற டாக்டர் பட்டங்களெல்லாம் இப்படிப்பட்டவையா என்று என்னை மடக்குகிறவர்கள் இருப்பார்கள். இல்லை. அது எனக்கும் தெரியும். நாலு ஆய்வேட்டைக் கத்தரித்து ஐந்தாவது ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருகிற கடைகள் இருக்கின்றன. உத்தியோக உயர்வுக்காகப் பட்டம் வாங்கி, வாங்கிய மறுநாளே புத்தகத்தை மூடிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வியாபாரத்தை எத்தனை கடுமையாக வேண்டுமானாலும் தாக்குங்கள். நானும் கூட வருகிறேன். ஆனால், வேடிக்கையைப் பாருங்கள்: அந்தப் போலி ஆய்வேடுகளின் தலைப்பைப் படித்து யாரும் சிரிப்பதில்லை. "தேசிய வளர்ச்சியில் அறிவியலின் பங்கு" என்கிற மாதிரி அவற்றின் தலைப்புகள் கம்பீரமாக இருக்கும். சேற்றில் முழங்கால்வரை இறங்கி, எள்ளளவு வண்டை எண்ணுகிறவனின் தலைப்புத்தான் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆக, நம் கேலி திருடனை விட்டுவிட்டு உழைக்கிறவனைப் பிடிக்கிறது. அவனுக்கு உதவித்தொகை மாசக்கணக்கில் வராமல் நின்றால் அதைப் பற்றி ஒரு துணுக்கு வருவதில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பார்த்து, "இந்தப் பூச்சி உதவாது" என்று அவன் முடிவு எழுதினால், வீண் என்று தள்ளிவிடுகிறோம். உதவாததை உதவாது என்று அறிந்துகொள்வது எவ்வளவு பெரிய மிச்சம் என்பதை போட்ஸ்வானாவிலும் இலங்கையிலும் கேட்டால் சொல்வார்கள்.

சிரிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணாதீர்கள். கதைக்காரன் அப்படிச் சொன்னால் அவன் பிழைப்பு என்ன ஆவது? சிரிக்கத்தான் வேண்டும். எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் தகராறு. அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் ஊர் ஏரிக்கரையில் போய் நில்லுங்கள். பொக்லைன் வரும், மாலை வரும், போட்டோக்காரர் வருவார். போன வருஷம் அள்ளிய இடத்தில் இந்த வருஷமும் அள்ளுவார்கள். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரியுங்கள். சிரித்துவிட்டு, அதே கரையில் ஓர் ஓரமாக இலைகளைப் புரட்டிப் பார்த்துக் கையேட்டில் எதையோ குறித்துக்கொண்டிருக்கிற பெண்ணோ பையனோ உங்கள் கண்ணில் பட்டால், "என்னம்மா எண்ணுகிறாய்?" என்று போய்க் கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் படிப்புக்கு ஆகிற செலவு வீண் என்று அப்போதும் தோன்றினால், பிறகு எனக்கு எழுதுங்கள்.